பெரியம்மாவை 'அப்பா' என்று கூப்பிட்ட பேரரசர்

கேள்வி: சின்னப் பிள்ளையாக அரியணை ஏறிய சீனப் பேரரசர் குவாங்சுவை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? அவர் ஆண்டதாகவே எதுவும் படித்த நினைவில்லையே!

பதில்: நண்பர் சொன்னது சரி. நீங்கள் படிக்காததும் நியாயம்தான். 33 வருடம் பேரரசராக இருந்தவர், தன் இஷ்டப்படி ஆண்டது 1898-இல் வெறும் 103 நாள்.

1875-இல் தோங்சி பேரரசர் வாரிசில்லாமல் இறந்தார். உடனே அவருடைய அம்மா சிஷி, தன் தங்கையின் மூன்றரை வயது மகனை அரண்மனைக்குத் தூக்கி வரச் சொன்னார். சிஷியின் கணவர் அந்தப் பையனின் அப்பாவுக்கு அண்ணன். ஆக, எந்த வழியில் பார்த்தாலும் பெரியம்மா. ஆனால் பையன் அவரை 'அன்பு அப்பா' என்றுதான் அழைக்க வேண்டும் என்று உத்தரவு! கல்யாணமும் அவர் விருப்பப்படிதான். தன் தம்பி மகள் லோங்யுவைக் கட்டிவைத்தார். நம் கணக்கில் மாமன் மகள், ஆனால் மாப்பிள்ளையைவிட மூன்று வயது மூத்தவர். இருவரும் ஒட்டவே இல்லை.

1895-இல் ஜப்பானிடம் தோற்றது பேரரசரை உலுக்கிவிட்டது. 1898 ஜூனில் காங் யூவெய் போன்ற சீர்திருத்த அறிஞர்களின் யோசனையைக் கேட்டு, பள்ளி, தேர்வு, படை என்று ஆணை மேல் ஆணையாகப் போட்டார். வேகம் அதிகம், கையில் படை இல்லை. செப்டம்பரில் சிஷி ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டார். ஆறு சீர்திருத்தக்காரர்களின் தலை போனது. பேரரசர் ஏரி நடுவே இங்தாய் என்ற தீவில் கைதியானார். அந்த ஆணைகளில் தப்பிப் பிழைத்ததில் முக்கியமானது இன்றைய பெய்ஜிங் பல்கலைக்கழகம்.

கோடைக்கால அரண்மனையிலும் அவரை அடைத்துவைத்த இடம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். பக்கத்து அறைக் கதவைத் தாண்டினால் மூஞ்சியில் இடிக்கிற மாதிரி செங்கல் சுவர். வெளியே கூப்பிடு தூரத்தில் ஏரி.

சரி, விஷத்துக்கு வருவோம். 1908 நவம்பர் 14-இல் அவர் இறந்தார், வயது 37. மறுநாளே சிஷியும் போய்விட்டார். நூறு வருடம் வெறும் சந்தேகமாகவே இருந்தது. அவருடைய கல்லறையிலிருந்து எடுத்த தலைமுடியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிச் சோதித்து, 2008-இல் முடிவைச் சொன்னார்கள்: ஆர்சனிக், அதாவது வெள்ளைப் பாஷாணம். ஒரேயடியாக உள்ளே போயிருக்கிறது.

கொடுத்தது யார் என்று முடி சொல்லாது. என் சந்தேகம் பெரியம்மா மேல்தான். பேரரசர் இறப்பதற்கு முந்தின நாளே, அடுத்து அரியணை ஏறிய குழந்தை பூ யியை அரண்மனைக்குக் கொண்டுவர அவர் ஆணை போட்டிருக்கிறாரே!

கேள்வி: பாவம், அவருக்கு ஆறுதலாக ஒருவர்கூட இல்லையா?

பதில்: இருந்தார். ஜென் என்ற இளைய மனைவி. பெயருக்கு 'அருமையானவள்' என்று பொருள். 1900-இல் அன்னியப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது, சிஷி தப்பி ஓடுவதற்கு முன் அவரைக் கிணற்றில் தள்ளச் சொன்னார் என்று அரண்மனை வேலையாட்கள் பின்னாளில் சொன்னார்கள். கிணறு இன்னும் இருக்கிறது, வாய் ரொம்பக் குறுகல். உடலை அடுத்த வருடம்தான் வெளியே எடுத்தார்கள்.