ஃபிராங்க் பிராய்ல்ஸ்: பயிற்சியாளர், பிறகு இயக்குநர் – கேள்வி பதில்

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 1958 முதல் 1976 வரை தலைமைப் பயிற்சியாளராகவும், 1974 முதல் 2007 முடிய ஆண்கள் விளையாட்டுத் துறையின் இயக்குநராகவும் இருந்த ஃபிராங்க் பிராய்ல்ஸைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்.

கேள்வி: விளையாட்டுத் துறை இயக்குநருக்கு அங்கே என்னதான் வேலை?

பதில்: பயிற்சியாளர்களை நியமிப்பதும் நீக்குவதும், நன்கொடை திரட்டுவதும், அரங்கம் கட்டுவதும், தமக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் எந்தக் கூட்டமைப்பில் சேர்ந்து ஆடுவது என்று முடிவெடுப்பதும் அவர் பொறுப்பு. இவற்றுள் ஆள் தேர்வுதான் தலையாயது என்பது என் கருத்து. பிராய்ல்ஸ் அந்தத் திறமையை இயக்குநரான பிறகு கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சியாளராக இருந்த நாளிலேயே அது அவரிடம் இருந்தது.

கேள்வி: பயிற்சியாளராக அவர் எப்படி?

பதில்: மிசௌரியில் ஓராண்டு இருந்துவிட்டு 1958இல் ஆர்கன்சாவுக்கு வந்தார். வந்ததும் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. ஆனால் 19 ஆண்டுகள் கழித்து அவர் விலகியபோது கணக்கு 144 வெற்றி, 58 தோல்வி, 5 சமன் என்று நின்றது. சௌத்வெஸ்ட் கூட்டமைப்பின் பட்டம் ஏழு முறை கிடைத்திருந்தது. 1964இல் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. வழக்கமான பருவத்தின் கடைசி ஐந்து ஆட்டங்களில் எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அக்காலத்தில் செய்தி நிறுவனங்களின் தரவரிசை வாக்கெடுப்பு, பருவத்துக்குப் பின் நடக்கும் புத்தாண்டு ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அவை அலபாமாவுக்கு முதலிடம் தந்தன. பிறகு அலபாமா டெக்சாஸிடம் தோற்றது. ஆர்கன்சாவோ நெப்ராஸ்காவை 10–7 என்று வென்றது. கால்பந்து எழுத்தாளர் சங்கம் ஆர்கன்சாவையே தேசிய வாகையராக அறிவித்தது.

கேள்வி: 1969 ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதில் அவர் செய்தது தவறா?

பதில்: 1969 டிசம்பர் 6, ஃபேயட்வில் நகரம். நாட்டின் முதலிடத்தில் டெக்சாஸ், இரண்டாமிடத்தில் ஆர்கன்சா. பார்வையாளர் வரிசையில் அதிபர் நிக்சன். மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது ஆர்கன்சா 14–0 என்று முன்னிலையில் இருந்தது. நான்காம் பகுதியின் முதல் நகர்விலேயே டெக்சாஸின் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் 42 கெஜம் ஓடி டச் டவுன் (பந்தை எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது, ஆறு புள்ளிகள்) எடுத்தார். கூடுதலாக இரண்டு புள்ளிகளும் சேர, 14–8 ஆயிற்று. பின்னர் ஆர்கன்சா எதிரணியின் 7 கெஜக் கோடு வரை முன்னேறியது. அங்கே நிதானமாக ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைப்பது) அடித்திருந்தால் மூன்று புள்ளிகள் சேர்ந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பந்தை எறிந்தார்கள். எதிரணி வீரர் அதை இறுதிப் பகுதிக்குள் பிடித்துவிட்டார். பிறகு டெக்சாஸ் தன் சொந்த 43 கெஜக் கோட்டில், கடைசி வாய்ப்பான நான்காம் முயற்சியில், எவரும் எதிர்பாராத 44 கெஜ நீள எறிதலைத் துணிந்து எறிந்தது. அதுவே 15–14 என்ற வெற்றிக்கு வழிவிட்டது. ஃபீல்டு கோல் அடித்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தோல்வி, டெக்சாஸ் பயிற்சியாளர் டேரல் ராயலுடன் அவருக்கிருந்த நட்பைக் கெடுக்கவில்லை. 1976இல் இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய ஆட்டத்தோடுதான் இருவருமே பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றனர்.

கேள்வி: ஆள் தேர்வு என்றீர்களே, சான்று உண்டா?

பதில்: நிறைய உண்டு. பாரி ஸ்விட்சர், ஜானி மேஜர்ஸ், ஜிம்மி ஜான்சன், ஜோ கிப்ஸ், ஹேடன் ஃபிரை ஆகியோர் அவரிடம் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். ஸ்விட்சரும் ஜான்சனும் பின்னாளில் டல்லஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டியை வென்று கொடுத்தார்கள்; அந்த அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸும், ஜான்சனைப் போலவே, 1964 ஆர்கன்சா அணியில் ஆடியவர்தான். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் பிராய்ல்ஸ் பெயரில் விருது வழங்கப்படுவது முற்றிலும் பொருத்தமானது.

இயக்குநரான பிறகு தமக்கு அடுத்த பயிற்சியாளராக லூ ஹோல்ட்ஸை அமர்த்தினார். முதல் பருவத்திலேயே 11 வெற்றிகள் கிடைத்தன. கூடைப்பந்துக்கு எடி சட்டனையும், பிறகு நோலன் ரிச்சர்ட்சனையும் கொண்டுவந்தார்; ரிச்சர்ட்சன் 1994இல் தேசியப் பட்டம் வென்றார். அயர்லாந்தில் பிறந்த ஜான் மெக்டானலின் பொறுப்பில் தடகள அணி 40 தேசியப் பட்டங்களைக் குவித்தது. கால்பந்துக்காரர் ஒருவர் மற்ற விளையாட்டுகளுக்கும் இப்படி இடம் கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: இயக்குநராக அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு எது?

பதில்: 1990இல் சௌத்வெஸ்ட் கூட்டமைப்பை விட்டு சௌத்ஈஸ்டர்ன் (எஸ்.இ.சி.) கூட்டமைப்பில் சேர முடிவெடுத்ததுதான். பழைய கூட்டமைப்பில் மற்ற எட்டுப் பல்கலைக்கழகங்களும் டெக்சாஸ் மாநிலத்தவை. ஆர்கன்சா மட்டுமே வெளியாள். எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவையும், டெக்சாஸுடனான ஆண்டுதோறும் நடந்த மோதலையும் இழக்க ரசிகர்கள் பலருக்கு மனமில்லை. ஆனால் 1996இல் அந்தக் கூட்டமைப்பே கலைந்தது. வீடு இடியும் முன்பே வெளியேறியவர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அவரிடம் குறையே இல்லையா, ஐயா?

பதில்: உண்டு. 1969இல் ஆடிய அவருடைய அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1992இல் பருவத்தின் முதல் ஆட்டத்தில் சிட்டடெல் என்ற சிறிய கல்லூரியிடம் தோற்றதும் கால்பந்துப் பயிற்சியாளர் ஜாக் குரோவைப் பொறுப்பிலிருந்து விலக்கியது அவசர முடிவு என்பேன். 2002இல் நீக்கப்பட்ட ரிச்சர்ட்சன், இனப்பாகுபாடு காட்டப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு பல்கலைக்கழகத்திற்குச் சாதகமாக வந்தது. எனினும், தாம் தேடிக் கொண்டுவந்த மனிதருடனான உறவு நீதிமன்றத்தில் முடிந்தது வருத்தத்துக்குரியது.

கேள்வி: கடைசிக் காலம் எப்படிக் கழிந்தது?

பதில்: அவர் மனைவி பார்பரா அல்சைமர் நோயால் 2004இல் காலமானார். அவரைக் குடும்பத்தாரோடு சேர்ந்து வீட்டில் கவனித்துக்கொண்ட அனுபவத்தைக் கொண்டு, நோயாளிகளைப் பராமரிப்போருக்காக ஒரு கையேட்டை உருவாக்கினார். பயிற்சியாளர்கள் ஆட்டத் திட்டங்களைக் குறித்துவைக்கும் ஏட்டின் பாணியில் அதை அமைத்திருந்தார். 2017 ஆகஸ்ட் 14 அன்று, தம் 92ஆம் வயதில், அதே நோயின் பாதிப்பால் அவரும் காலமானார்.