குக்கர் விசிலும் முயலின் காதும்

கேள்வி: எங்கள் வீட்டு முயல், குக்கர் விசில் அடித்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. ஆனால், கீரைக்கட்டைப் பிரிக்கும் மெல்லிய சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்தே ஓடி வருகிறது. இது ஏன்? சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வெடி முழங்க எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது?
- வாசகி, தல்லாகுளம், மதுரை.

பதில்: முயல் சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அந்தச் சத்தத்துக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. கீரைக்கட்டின் சலசலப்புக்குப் பின் ஒவ்வொரு நாளும் உணவு வந்திருப்பதால் அது ஓடி வருகிறது. விசிலோ முன்னறிவிப்பின்றிக் கிளம்புவது; பருந்துக்கும் நரிக்கும் இரையாகிவந்த இனத்துக்கு, திடீர் ஓசை என்றாலே ஆபத்துதான். தரையை அடிப்பது கோபமோ அடமோ அன்று. வளைக்குள் இருக்கும் மற்ற முயல்களுக்கு நிலத்தின் அதிர்வு வழியாகச் சொல்லும் எச்சரிக்கை அது. உங்களையும் தன் கூட்டமாகக் கருதி அது எச்சரிக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். ஆகவே அதட்டாதீர்கள்.

மனிதருக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20,000 அதிர்வுகள்) வரைதான் கேட்கும். முயலுக்கோ 40,000 ஹெர்ட்ஸுக்கும் மேல் கேட்கும். எலி விரட்டுவதற்காகச் சுவரில் செருகி வைக்கும் மின்கருவியின் ஓசை நமக்கு எட்டாவிட்டாலும் முயலை ஓயாமல் வருத்தக்கூடும் என்பதால், அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். முயல் தன் இரு காதுகளையும் தனித்தனியே திருப்ப வல்லது. ஒரு காது உங்கள் பேச்சையும் மற்றொன்று தெருவையும் நோக்கியிருந்தால், அது கவனித்துக்கொண்டிருக்கிறது. காதுகள் முதுகோடு ஒட்டி, உடல் அசையாமல், கண்கள் பிதுங்கியிருந்தால், அஞ்சி உறைந்திருக்கிறது.

எதிர்சேவையன்று கூண்டைத் தெருப்பக்கம் வைக்காமல் உள்ளறைக்கு மாற்றி, இரு வழிகள் வெட்டிய அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி வையுங்கள். பயந்து ஓடும் முயலைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், உதைத்துத் திமிறும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். சத்தத்துக்காகக் கதவு, சன்னல்களை அடைக்கும்போது சித்திரை வெக்கையையும் மறந்துவிடாதீர்கள். காதுகளின் வழியாகவே உடல் சூட்டை வெளியேற்றும் பிராணி அது, மின்விசிறியும் குளிர்ந்த நீரும் அவசியம். வெடி ஓய்ந்த பிறகும் அது புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். அச்சத்தால் முயலின் குடல் இயக்கமே நின்றுபோவதுண்டு. 12 மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.