சோட்டாடெர்செப்ட்: நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்கான புதிய மருந்து எப்படி வேலை செய்கிறது?

இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அது நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். அதன் ஒரு வகையான நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தில், நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்கள் அளவுமீறிப் பெருகி, உப்புப் படிந்த தண்ணீர்க் குழாய்போல் உள்வழி குறுகுகிறது. வலது இதயம் முட்டித் தள்ளியே தளர்ந்துபோகும்.

பழைய மருந்துகள் பெரும்பாலும் குழாயை விரிப்பவை. சோட்டாடெர்செப்ட், செல்களைப் பெருகத் தூண்டும் ஆக்டிவின் புரதங்களையே பிடித்துவைக்கிறது. முக்கியமான மாற்றம் இதுதான். முதலில் எலிகளில் சுவர்த் தடிப்பு குறைந்தது. பிறகு 106 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் ரத்த ஓட்டத்துக்கான தடை இறங்கியது. 2024-ல் அமெரிக்கா அனுமதித்தது.

3 வாரத்துக்கு ஒருமுறை தோலடி ஊசி. ஹீமோகுளோபின் ஏறலாம், தட்டணுக்கள் குறையலாம். அதனால் முதல் 5 ஊசிகளுக்கும் முன்பு ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபி சரியாக இருந்தால் இந்த நோய் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கருவி நுரையீரல் அழுத்தத்தை அளப்பதே இல்லை.