முதல் போன் எத்தனையாவது நாள்? – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் 'வழிதவறிய' பிள்ளைகளை அனுப்பிவைக்கும் சிகிச்சை விடுதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவற்றை ஏறக்குறைய சிறை என்றே எழுதியிருந்தீர்கள். படித்தபோது சரி என்றுதான் பட்டது. இப்போது விஷயம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது.

டல்லஸ் பக்கத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு 15 வயது. நான்கு மாதமாக ஒழுங்காகப் பள்ளிக்குப் போவதில்லை. வேப் எனும் மின்-சிகரெட்டில் கஞ்சா எண்ணெய் இழுக்கிறான். கையைக் கீறிக்கொண்ட தழும்புகளை அக்கா போன மாதம்தான் பார்த்தாள். கல்வி ஆலோசகர் ஒருவர் யூட்டாவில் பத்து வாரம் காட்டில் முகாமிட்டு நடத்தும் வனாந்தர சிகிச்சை, பிறகு ஒரு வருடம் தெரபி போர்டிங் பள்ளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். விடிகாலையில் ஆட்கள் வந்து கூட்டிப்போவார்களாம். அவனிடம் முன்கூட்டியே சொல்லக்கூடாதாம். அம்மாவோ 'ஊருக்கு அனுப்பு, ஏற்காட்டில் சேர்த்துவிடலாம்' என்கிறார். அத்தானோடு வேலை பார்ப்பவரின் மகள் இப்படி ஓர் இடத்துக்குப் போய் நன்றாகவே திரும்பியிருக்கிறாள். எல்லா வழியும் அடைபட்ட பெற்றோர் என்னதான் செய்வார்கள்? வெளியில் நின்று குற்றம் சொல்வது எளிது இல்லையா?

கே. எஸ்.

*

அன்புள்ள கே. எஸ்.,

சிறை என்று எழுதியது தவறுதான். சிறையில் தண்டனை முடியும் தேதி உண்டு. வக்கீலோடு தனியாகப் பேசலாம். நீங்கள் சொல்லும் இடங்களில் பலவற்றில் இந்த இரண்டும் கிடையாது.

உங்கள் அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் காகிதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதில் மூன்று விஷயம் சேர்ந்து வந்திருக்கின்றன: நோய் இன்னதென்று எழுதப்படாத சிகிச்சை, பையனுக்குத் தெரியாமல் அழைத்துப்போவது, அவன் சொல்வதை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், அநேகமாக இருக்கும். 'முதல் சில வாரங்கள் உங்கள் பிள்ளை அழுவான், பொய் சொல்வான், உங்களைக் கையாளப் பார்ப்பான், இளகிவிடாதீர்கள்' என்ற தொனியில்.

மற்ற எல்லாக் குறைகளையும்விட நான் அஞ்சுவது இந்த வாக்கியத்துக்குத்தான். இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1958ல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிச் என்பவர் போதைக்கு அடிமையானவர்களுக்காகத் தொடங்கிய சினனான் அமைப்பில் 'கேம்' என்று ஒரு சடங்கு இருந்தது. வட்டமாக உட்கார்ந்து, நடுவில் சிக்கியவரை மற்றவர்கள் மணிக்கணக்காகத் திட்டித் தீர்ப்பார்கள். அவர் தன் பக்கம் எதைச் சொன்னாலும் அது நோயின் பேச்சு. இந்த முறையை 1967ல் தொடங்கிய சீடூ பள்ளிகள் விடலைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தன. ஃப்ளோரிடாவில் 1970ல் தொடங்கிய தி சீட் என்ற அமைப்பும் இதே ரகம். அதன் முறைகள் வட கொரியாவின் மூளைச்சலவையை ஒத்திருப்பதாக 1974லேயே செனட் துணைக்குழு அறிக்கை எழுதியது. அதன் வாரிசு ஸ்ட்ரெய்ட் 1976ல் திறந்து 1993 வரை ஓடியது. பெயர்ப்பலகைகள் மாறின, ஆட்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார்கள், 'பிள்ளை பொய் சொல்கிறான்' என்ற அஸ்திவாரம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த அஸ்திவாரத்தில் நின்றால் மருத்துவம் எப்படிக் கெடும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 1990ல் ஒரு வனாந்தர முகாமில் 15 வயதுப் பெண் நாள்கணக்கில் தலைசுற்றல், குமட்டல், களைப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நடிக்கிறாள் என்றார்கள். உடலில் நீர் வற்றிச் செத்தாள். 1994ல் யூட்டா பாலைவனத்தில் 16 வயதுப் பையன். வயிற்று வலி என்றான், அவனையும் நடிக்கிறான் என்றார்கள். குடல் புண் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பிடித்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2007 அக்டோபரில் இப்படிப் பத்து மரணங்களை ஆராய்ந்தது. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் கொடுமைச் சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்ததாகவும் அதே அறிக்கை சொன்னது. பழைய கதை என்று ஆலோசகர் சொல்லக்கூடும். 2024 பிப்ரவரியில் வட கரோலைனாவின் டிரெயில்ஸ் கரோலைனா முகாமில் 12 வயதுப் பையன் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறி இறந்தான். மாநிலம் லைசென்ஸைப் பறித்தது மே மாதம்.

வனாந்தரத்தில் இன்னொரு விஷயம். லித்தியம், சிலவகை மனநோய் மருந்துகள் எடுப்பவர்களுக்கு உடல் வெயிலைத் தாங்காது. பையன் எதாவது மாத்திரையில் இருந்தால் இதை முகாமின் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முகாமில் மருத்துவரே இல்லை, பக்கத்து ஊரில் ஒருவர் 'தொடர்பில்' இருக்கிறார் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

அத்தானின் நண்பர் மகளுக்கு வருகிறேன். அவள் நன்றாகத் திரும்பியது உண்மையாகவே இருக்கும். போதைப்பொருள் கைக்கெட்டாத தூரத்தில் ஒரு வருடம், ஒழுங்கான தூக்கம், அக்கறையுள்ள ஒரு தெரபிஸ்ட், ஒரு வயது கூடியது. இதில் எது வேலை செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த விடுதிகள் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் வீட்டிலேயே சிகிச்சை பெற்ற பிள்ளைகளோடு ஒப்பீடு கிடையாது. ஒப்பிட்டுப் பார்த்த துறைகளில் செய்தி நல்லதாக இல்லை. மிரட்டித் திருத்தும் முகாம்கள் பயன் தருவதில்லை, நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று 2004ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. சிக்கலில் இருக்கும் விடலைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள் என்பது 1999ல் உளவியல் ஆய்வாளர் டிஷியனும் சகாக்களும் காட்டியது. வேப்போடு போகிறவன் வேறு எதையெல்லாம் கற்றுக்கொண்டு வருவான் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுப் பையன். வழிகள் எல்லாம் அடைபட்டதாக எழுதுகிறீர்கள், ஆனால் கடிதத்தில் திறந்து பார்த்த வழி ஒன்றுகூட இல்லை.

முதலில் இன்று இரவு. வீட்டிலுள்ள மாத்திரைகளை, தூக்க மருந்து, டைலனால் (பாராசிட்டமால்) உட்பட, பூட்டி வையுங்கள். டெக்சாஸ் என்பதால் கேட்கிறேன், துப்பாக்கி இருந்தால் அது வீட்டைவிட்டே வெளியே போக வேண்டும். சாக நினைக்கிறாயா என்று பையனை நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைக்கலாம், அல்லது குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம்.

அடுத்தது மதிப்பீடு. எந்த விடுதியோடும் தொடர்பில்லாத மருத்துவ உளவியலாளர் செய்ய வேண்டும். பள்ளிக்குப் போகாத பையனிடம் பதற்ற நோய், மனச்சோர்வு, கண்டுபிடிக்கப்படாத ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல் குறைபாடு), ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பள்ளியில் யாரோ கொடுக்கும் தொல்லை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மலையேற்றம் எல்லாவற்றுக்கும் மருந்தாக முடியாது.

கூடவே அக்கா பள்ளிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்கட்டும்: 'சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு கோருகிறேன்' என்று, தேதியோடு. டெக்சாஸில் பள்ளி 15 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்குப் பிறகு 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வாயால் கேட்டால் இந்தக் கடிகாரம் ஓடாது. நம்மவர்கள் கவுன்சிலரிடம் பணிவாகப் பேசிவிட்டு வந்து காத்திருப்பார்கள். அங்கேதான் ஒரு செமஸ்டர் போய்விடும்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்கென்றே வளர்த்தெடுத்த பேச்சு சிகிச்சை டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி). வாரம் ஒரு தனி அமர்வு, பெற்றோரும் உட்காரும் திறன் வகுப்பு வாரம் ஒன்று, நெருக்கடியில் தெரபிஸ்ட்டைப் போனில் பிடிக்கும் வசதி. மூன்றும் இருந்தால்தான் அது முழுமை. பலகையில் டி.பி.டி. என்று போட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை பேசி அனுப்புகிறவர்கள் நிறைய. ஆஸ்லோவில் 77 விடலைகளிடம் 19 வாரம் நடத்திய சோதனை 2014ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டி.பி.டி. பெற்றவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. எல்லாரும் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள்.

அது போதவில்லை என்றால் வாரம் மூன்று மாலை, மூன்று மணி நேரம் வீதம் நடக்கும் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை. அதற்கு மேல் வாரம் ஐந்து நாள் பகல் முழுக்க மருத்துவமனை, இரவு வீடு. இவற்றுக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தரும். வனாந்தரத்துக்குப் பெரும்பாலும் தராது. ஆலோசகரின் காகிதம் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி மொட்டைமாடிக்குப் போயிருக்கிறது.

தங்கிச் சிகிச்சை பெறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடலைக் குலைத்துவிட்ட உணவு மறுப்பு நோய், சித்தபிரமை, மேலே சொன்ன படிகள் எல்லாம் பார்த்தும் ஓயாத தற்கொலை முயற்சிகள். இவற்றுக்கு அது தேவைப்படலாம். அப்போதும் காரில் போய்வரும் தூரத்தில், 30 முதல் 90 நாள் கணக்கில், வாரம் ஒரு குடும்ப அமர்வோடு, வீடு திரும்பும் திட்டத்தை முதல் வாரமே எழுதுகிற இடமாக இருக்க வேண்டும்.

எந்த இடமானாலும் அக்கா கேட்க வேண்டியவை இவை. லைசென்ஸ் எந்தத் துறையுடையது, எண் என்ன? அந்த எண்ணோடு மாநில லைசென்ஸ் அலுவலகத்தில் ஆய்வறிக்கைகளையும் புகார்களையும் பார்க்கலாம். நாட்சாப் உறுப்பினர் என்று சொன்னால் அது இப்படிப்பட்ட விடுதிகளை நடத்துபவர்களின் சங்கம், தரச்சான்று அல்ல. லைசென்ஸ் பெற்ற தெரபிஸ்ட்டோடு வாரம் எத்தனை மணி நேரம்? ஒரு மணி என்பார்கள். மீதி நேரம் யாரோடு, அவர்களுக்கு என்ன பயிற்சி? இரவில் விழித்திருக்கும் ஊழியர் எத்தனை பேர்? போன வருடம் எத்தனை முறை பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்து அடக்கினார்கள், குப்புறப் போட்டு அடக்குவது உண்டா? மிஷிகனில் கலமசூ ஊரில் 2020ல் சாண்ட்விச் எறிந்த 16 வயதுப் பையன், ஊழியர்கள் பலர் சேர்ந்து தரையில் அழுத்திப் பிடித்ததில்தான் இறந்தான். நடத்தையைப் பொறுத்துப் படிப்படியாக உரிமை தரும் லெவல் முறை இருந்தால் சாப்பாடு, தூக்கம், போன், கடிதம் எதையாவது 'சலுகை' என்று வைத்திருக்கிறார்களா? ஆலோசகருக்கு விடுதிகளிடமிருந்து பணமோ பயணச் செலவோ வருகிறதா? பதில்கள் எழுத்தில் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, யாரும் ஒட்டுக்கேட்காமல் அவன் அம்மாவோடு பேசும் முதல் போன் எத்தனையாவது நாள் என்பது. ஹோட்டல் குடும்பத்துப் பிரபலம் பாரிஸ் ஹில்டன், தான் படித்த ப்ரோவோ கேன்யன் என்ற யூட்டா விடுதிப் பள்ளியைப் பற்றிச் சாட்சி சொன்ன பிறகு, 2021ல் யூட்டா கொண்டுவந்த சட்டப்படி வாரம் ஒருமுறை குடும்பத்தோடு ரகசியமாகப் பேசும் உரிமை அங்கே பிள்ளைக்கு உண்டு. அந்தச் சட்டத்தை ஆலோசகர் சொல்லவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். இந்த விடுதிகளைப் பற்றி 2024 டிசம்பரில் நிறைவேறிய மத்திய சட்டத்தை நம்பி இருக்க வேண்டாம். அது ஆய்வு செய்யச் சொல்கிறது, ஓர் இடத்தையும் மூடுவதில்லை.

அம்மாவின் ஏற்காடு யோசனை பணத்தில் மலிவு, மற்றபடி அதே யோசனைதான். ஏற்காட்டில் நல்ல பள்ளிகள் உண்டு. கையைக் கீறிக்கொள்ளும் பையனைக் கவனிக்க விடுதி வார்டனுக்குத் தெரியாது, அது அவர் வேலையும் இல்லை. ஏ.டி.எச்.டி.க்கு ஆடரால் மாத்திரை எழுதப்பட்டால் இந்தியாவில் அது கிடைக்காது.

விடிகாலை ஆட்களை இன்றே ரத்து செய்யச் சொல்லுங்கள், முன்பணம் போனால் போகட்டும். தூக்கத்தில் இரண்டு அந்நியர்கள் எழுப்பி இழுத்துப்போன அறையின் வாசலில் அம்மாவும் அப்பாவும் நின்றதை அவன் மறக்கமாட்டான். பிறகு எந்தத் தெரபிஸ்ட் வந்தாலும் முதல் ஆறு மாதம் அதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். நீங்கள் மாமா, உங்களிடம் அவன் பேசுவானா என்று எழுதவில்லை. பேசுவான் என்றால் இந்த வார இறுதியில் டல்லஸ் போய்வாருங்கள். ஆலோசகரின் காகிதத்தை அவனிடமே காட்டிவிடலாம்.