ஓட்டுநர் ஐயா பதில்கள்

(பதில் சொல்பவர், பொள்ளாச்சி–வால்பாறைத் தடத்தில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற சபை மூப்பர்.)

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். போன மாதம் பெரிய கார் ஒன்று வாங்கினேன். பின்கண்ணாடியில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று ஒட்டியிருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்து, கண்ணாடியை இறக்கி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவர் என் வண்டியின் பின்னால் வந்து, வசனத்தை உரக்கப் படித்துச் சிரித்தார். எங்கள் கோயில் வாசல் ஸ்டாண்டுக்காரர்தான். வசனத்தைக் கிழித்துவிடச் சொல்கிறாள் மனைவி. செய்யலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வசனம் என்ன பாவம் செய்தது, தம்பி? அதைக் கிழித்துவிட்டால் அடுத்த முறை கூச்சமில்லாமல் திட்டலாம், அவ்வளவுதான்.

வேதத்தில் யெகூ என்று ஒருவன் வருகிறான். கோபுரத்தில் நின்ற காவற்காரன், ரதம் வரும் வேகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே, ‘யெகூ ஓட்டுகிறதுபோல் இருக்கிறது’ என்கிறான் (2 இராஜாக்கள் 9:20). யெகூ ஸ்டிக்கர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

2007 ஜூனில் வத்திக்கானிலிருந்து ஓட்டுநர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் வெளியாயின. நான் கத்தோலிக்கன் இல்லை, சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரன், ஆனாலும் ஐந்தாவதை டைரியில் குறித்து வைத்தேன். வாகனத்தை அதிகாரம் காட்டவும் பாவம் செய்யவும் ஏதுவாக்காதே என்பது அதன் சாரம். அது எனக்கென்றே எழுதியது. ஐம்பது பேர் உட்காரும் வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்டோ பொம்மை மாதிரிதான் தெரியும். பொம்மையைத் திட்ட யாருக்குத்தான் தயக்கம்? புதுக் காரின் உயரம் உங்களுக்கும் அதே வேலையைக் காட்டியிருக்கிறது.

வரும் ஞாயிறு கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். காணிக்கைக் கவர் பையிலேயே இருக்கட்டும். சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வந்து செலுத்தச் சொல்லித்தான் மத்தேயு 5:23, 24 சொல்கிறது. காரைத் தள்ளி நிறுத்திவிட்டு ஸ்டாண்டுக்கு நடந்து போங்கள். ‘அன்றைக்கு நான் திட்டியது தப்பு’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘இருந்தாலும் நீங்களும் குறுக்கே வந்தீர்கள்’ என்று ஒரு வால் ஒட்டினீர்களோ, காரியம் கெட்டது. அந்தக் கால் மணி நேரத்தை எல்லா ஞாயிறும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. என் அனுபவத்தில், ஓட்டுநரின் கோபம் பாதி வீட்டிலேயே, சாவியைத் தேடும்போதே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: காரின் உள்கண்ணாடியில் சிலுவை தொங்கவிடலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: ஆடிக்கொண்டே இருக்கும், கண் அங்கேயே போகும். சைக்கிளில் வருகிறவரை மறைக்கும். கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். வழிவிட்டுக்கொண்டே இருந்தால் ஏமாளி என்று நினைத்து எல்லோரும் நுழைகிறார்கள். கிறிஸ்தவள் என்பதற்காக எவ்வளவுதான் விட்டுக்கொடுப்பது?
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: ஓடுகிற சாலையில் திடீரென்று பிரேக் பிடித்து ஒருவருக்கு வழிவிட்டால், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவார். அதைத் தயவில் சேர்க்காதீர்கள், அம்மா. சீரான வேகத்தில் போங்கள். திரும்பும் முன் சிக்னல் போடுங்கள். இரவில் எதிரே வண்டி வந்தால் விளக்கை டிம் செய்யுங்கள். நீங்கள் செய்யப்போவது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், அதுவே பெரிய மரியாதை.

ஏமாளிப் பட்டம் எனக்கும் கிடைத்திருக்கிறது. ஆழியாறு தாண்டி வால்பாறை போக 40 கொண்டை ஊசி வளைவுகள். குறுகலான மலைச்சாலையில், இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்புவது அவ்வளவு சிரமம்.

ஒரு மாலை, நல்ல மூடுபனி. ஏறிக்கொண்டிருந்த என் பஸ்ஸுக்கு எதிரே ஒரு கார் மூக்கோடு மூக்காக வந்து நின்றது. பயணிகள், ‘விடாதீங்கண்ணே, அவன் பின்னால போகட்டும்’ என்றார்கள். நியாயம்தான். ஆனால் கார்க்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மலைக்குப் புதியவர், ரிவர்ஸ் எடுத்தால் பள்ளத்தில்தான் விடுவார் என்று தெரிந்துவிட்டது. ஒரு மைல் வரச் சொன்னால் இரண்டு மைல் போ என்ற வசனம் அப்போது நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில், நினைவுக்கு வந்தது அவர் வண்டி உருளும் சத்தம்தான். கண்டக்டரை இறங்கி விசில் ஊதச் சொல்லி, இருபதடி பின்னால் எடுத்து ஒதுங்கினேன். கார் ஒட்டி உரசாமல் கடந்தது. பின் இருக்கையில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

பனியில் நனைந்த கண்டக்டர்தான் வால்பாறை போய்ச் சேரும்வரை என்னோடு பேசவில்லை.