வாசகர் கேள்வி பதில்: 20 அடி கண்டெய்னரை விளைக்குள்ள (ரப்பர் தோட்டத்துக்குள்ள) கொண்டு போறது எப்படி?

கேள்வி: அண்ணே, குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் நமக்கு ஒரு ரப்பர் விளை இருக்கு. பால்வெட்டு சாமான், உரம், மெஷின் எல்லாம் வைக்கலாம்னு தூத்துக்குடியில இருந்து பழைய 20 அடி கண்டெய்னர் ஒண்ணு வாங்கினேன். டிரெய்லர் உள்ள திரும்பாதுன்னு லாரிக்காரர் ரோட்டோரத்துலயே இறக்கி வச்சிட்டு போய்ட்டாரு. அங்க இருந்து 60 மீட்டர் உள்ள போணும், பாதி வழியில லேசா இறக்கம் இருக்கு. சொந்தமா 45 எச்பி டிராக்டர் இருக்கு, ஜேசிபி வாடகைக்கு கிடைக்கும். பக்கத்து விளைக்காரர் நைலான் கயித்த கட்டி டிராக்டர்ல இழு, தானா வந்துரும்ங்கிறாரு. இழுக்கலாமா?

பதில்: தம்பி, அந்த நைலான் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். அது ரப்பர் மாதிரி நீண்டு நீண்டு வேகத்த உள்ளுக்குள்ள சேத்து வச்சுக்கும், அறுந்துச்சுன்னா அந்த வேகம் அப்படியே திரும்பி வரும். எங்க விளையில ஒரு தடவ வெட்டிப்போட்ட மரத்தடிய அப்படி இழுத்தப்போ கயிறு அறுந்து என் தம்பி காதோரமா போச்சு, ரெண்டு விரல் தள்ளி வந்திருந்தா கண்ணு போயிருக்கும், இன்னிக்கும் அத நெனச்சா எனக்கு கை நடுங்கும். நல்ல இரும்பு செயின் வாங்குங்க, எத்தன டன் தாங்கும்னு கேட்டு வாங்குங்க. இழுக்கும்போது செயினுக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது, சின்னப்பிள்ளைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். பெட்டிக் கதவுல 'டேர்'னு போட்டு எடை எழுதியிருக்கும், அதுதான் காலிப்பெட்டியோட எடை, 20 அடி பெட்டின்னா கிட்டத்தட்ட 2,200 கிலோ வரும். உள்ள ஒண்ணும் வைக்காம இழுக்கணும், சாமானெல்லாம் பெட்டி எடத்துல உக்காந்த பிறகு ஏத்திக்கலாம். வெறும் மண்ணுல இரும்ப இழுக்கணும்னா எடையில பாதி அளவுக்கு இழுவை வேணும், அதாவது 1,100 கிலோ. உங்க டிராக்டரே 2 டன் சுமார்தான் இருக்கும், காய்ஞ்ச தரையில திணறித் திணறி இழுக்கும், நம்ம செம்மண்ணு மழையில நனைஞ்சு கிடந்தா டயர் சுத்தி குழி பறிக்குமே தவிர பெட்டி நகராது. அதனால ஆனி ஆடி மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் கழிஞ்சு தை மாசியில வச்சுக்கோங்க, அப்போ ரப்பரும் இலை உதிர்த்து பால்வெட்டு நிக்குற நேரம், விளையில ஆள் நடமாட்டமும் கொறவு.

டிராக்டர்ல எங்க கட்டுறீங்கங்கிறதுதான் உயிர் விஷயம். பின்னாடி கீழ இருக்குற இழுவைக் கம்பியிலதான் கொக்கிய மாட்டணும், மேல டாப் லிங்க் (கலப்பைய மேல பிடிக்கிற கம்பி) மாட்டுற எடத்துல மாட்டவே கூடாது. பின் ஆக்சிலுக்கு மேல கட்டி இழுத்தா முன்சக்கரம் தூக்கும், கிளட்ச மிதிக்க நேரம் கிடைக்காது, ஒண்ணு ரெண்டு செகண்ட்ல வண்டி பின்பக்கமா கவுந்து ஓட்டுறவர் மேலயே விழும். வெட்டி வெட்டி இழுக்காம லோ கியர்ல செயின மெல்ல விறைப்பாக்கி இழுங்க.

ஆனா உங்க எடத்துல நான் இருந்தா டிராக்டர விட்டுட்டு ஜேசிபியத்தான் கூப்பிடுவேன். ஒரு பக்கத்து கீழ்மூலை ரெண்டுலயும் செயின் போட்டு வி மாதிரி சேத்து பக்கெட்டுல மாட்டணும், பெட்டி அகலம் 8 அடி இருக்கறதால வி-யோட ஒவ்வொரு கை செயினும் 8 அடிக்கு கொறையாம இருக்கட்டும், குட்டையா கட்டுனா செயின்ல பாரம் ரொம்ப ஏறும். ஜேசிபி அந்த முனைய தரையில இருந்து கொஞ்சமா தூக்கிப் பிடிச்சா பாரத்துல பாதி அது தாங்கிக்கும், மத்த முனை வழியில போட்ட கனமான பலகை மேலயோ தென்னந்தடி மேலயோ சறுக்கிட்டு வரும், ஜேசிபி ரிவர்ஸ்ல மெல்ல போனா போதும்.

பைப்பு உருட்டி கொண்டு போலாமான்னு கேப்பீங்க. சமதரையில, கீழ பலகை போட்டு, 4 இஞ்சு கெட்டி இரும்பு பைப்பு ஆறு வச்சு உருட்டுனா டிராக்டருக்கே லேசா இருக்கும், ஆனா பெட்டியோட மூலைக்கட்டை (மூலையில இருக்குற இரும்புக் கட்டை) அடித்தளத்த விட கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும், பைப்பு அங்க வந்து முட்டும், ஜாக்கி வச்சு தூக்கித்தான் உள்ள விடணும். இறக்கத்துல பைப்பு கூடவே கூடாது தம்பி, இறக்கத்துல தரை உரசுறதுதான் உங்களுக்கு பிரேக், பைப்பு போட்டா அந்த பிரேக் போயிடும், பெட்டி ஜேசிபிய முட்டிட்டு கீழ ஓடும். இறக்கத்துல பலகையும் எடுத்துட்டு மண்ணுலயே இழுங்க, டிராக்டர பின்னாடி நிறுத்தி இன்னொரு செயின்ல பிடிச்சுக்கிட்டே வாங்க. பிடிமானத்துக்குன்னு ரப்பர் மரத்துல செயின சுத்தாதீங்க, பட்டை உரிஞ்சா அந்த மரத்துல பால்வெட்டு போச்சு.

எடத்துக்கு வந்ததும் நாலு மூலைக்கும் கான்கிரீட் கட்டையோ பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையோ போட்டு உக்கார வைங்க, பெட்டியோட பாரம் மூலையிலதான் நிக்கும். ரசமட்டம் வச்சு பாருங்க, ஒரு மூலை தாழ்ந்தா பெட்டி முறுகி கதவு திறக்காது, நம்ம ஆளுங்க கதவுதான் கெட்டுப்போச்சுன்னு வெல்டர கூப்பிடுவாங்க. தரையில இருந்து அரை அடி உசரம் இருந்தா காத்து போகும், அடி துருப்பிடிக்காது. ஜாக்கியில நிக்கும்போது யாரும் உள்ள கை விடக்கூடாது, மரக்கட்டை குறுக்கும் நெடுக்கும் அடுக்கின பிறகுதான் எதுவும்.

கேள்வி: அதே பெட்டியில ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கலாமா?

பதில்: அப்படியே வைக்காதீங்க. பகல்ல சூடாகி ராத்திரி குளிரும்போது மேல்தகடுல தண்ணி முத்து முத்தா நின்னு சொட்டும், நம்ம ஊரு ஈரக்காத்துல ஷீட்டுல பூசணம் புடிச்சுரும். எதிரெதிர் சுவர்ல மேலயும் கீழயும் காத்துத்துளை போட்டு கூரைக்கு மேல ஓலையோ தகரமோ நிழல் குடுங்க, அப்புறம் வைங்க.

கேள்வி: 40 அடி பெட்டியும் இதே மாதிரி இழுக்கலாமா? (மார்த்தாண்டத்துல இருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம். அது காலியாவே 3,700 கிலோ சுமார், நீளம் 12 மீட்டர், நம்ம கையாலை (விளையோட மண்சுவர்) வளைவுல திரும்பாது. ஹைட்ரா கிரேன் கூப்பிடுங்க, மேல கரண்ட் கம்பி ஓடுச்சுன்னா மின்வாரியத்துல சொல்லி லைன ஆஃப் பண்ண வச்சுட்டு தூக்குங்க.