சோளகத்தில் நீர்கொழும்பு, வாடையில் திருகோணமலை: வாடகைப் படகு பற்றிய கேள்விகள்

வாடகைப் படகில் மீன்பிடிக்கச் சென்றவர்களின் அனுபவங்களை எழுதியனுப்புமாறு கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். கோபத்தைச் சுருக்க முடியவில்லை.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த தம்பிக்காக ஜூலையில் நீர்கொழும்பில் அரைநாள் படகு ஒன்றைப் பதிவுசெய்து, 15,000 ரூபாய் முற்பணம் கட்டினேன். அன்று விடியற்காலை நாலரை மணிக்குக் கரையில் வைத்து, கடல் கொந்தளிப்பு, போக முடியாது என்றார்கள். முற்பணம் திருப்பித் தரப்படாதாம், வேறொரு நாள் வரட்டுமாம். தம்பி கனடாவுக்குத் திரும்பிவிட்டான். (வெள்ளவத்தை)

பதில்: கடலில் இறங்க மறுத்ததற்காகப் படகுக்காரரை நான் குறைசொல்ல மாட்டேன், ஜூலையில் பணத்தை வாங்கிக்கொண்டு, காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்ததற்காகவே குறைசொல்கிறேன். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது நம்முடைய சோளகம், மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் நேரே வந்து மோதுகிறது. அந்த மாதங்களில் நீர்கொழும்பிலும் பேருவளையிலும் மிரிஸ்ஸவிலும் சிறு படகுகள் அடிக்கடி கரையிலேயே கிடக்கும் என்பது அங்கே வலை பொத்துகிறவர் எல்லோருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து பதிவுசெய்கிறவருக்குத்தான் தெரியாது, அந்தத் தெரியாமையை நம்பியே "வருடம் முழுவதும் மீன்பிடி" என்ற விளம்பரம் நடக்கிறது.

"முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற அந்த ஒற்றை வரியைக் கண்டாலே எனக்கு உடம்பு எரிகிறது. வாடிக்கையாளர் நித்திரையால் எழும்பாமல் வராமற்போவதும், சேவையை வழங்க வேண்டியவரே வழங்க முடியாமற்போவதும் ஒன்றா? முதலாவதில் படகுக்காரர் எரிபொருள் வாங்கி, ஆள் வைத்து, ஒரு நாளை இழந்திருக்கிறார். முற்பணத்தை அவர் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் என்ஜினைக் கூட முடுக்காமல் உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு, உங்களால் வர முடியாத ஒரு நாளைக் காட்டுகிறார். இந்த இரண்டையும் ஒரே வரிக்குள் அடைத்துவிட்டு, அதை நிபந்தனை என்று அச்சிட்டுக் கொடுக்கிற கெட்டித்தனத்தைத்தான் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் உரியது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபையிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். வங்கிச் சீட்டு, தொலைபேசிச் செய்திகள், விளம்பரத்தின் படம் ஆகியவற்றையும், அன்றைய தினத்துக்காக வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிட்ட கடல் எதிர்வுகூறலையும் இணையுங்கள். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்கு முன்னர், பணத்தைத் திருப்பித் தருமாறு படகுக்காரருக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கண்டதுமே பணம் வந்த கதைகள் என்னிடம் சில இருக்கின்றன.

கேள்வி: டிசெம்பர் விடுமுறையில் திருகோணமலைக்குப் போய்ப் படகில் மீன்பிடிக்க எண்ணியிருக்கிறோம். முழுப்பணத்தையும் இப்போதே கட்டினால் கழிவு தருவார்களாம். (கொட்டாஞ்சேனை)

பதில்: கட்டாதீர்கள். டிசெம்பரில் வாடைக்காற்று கிழக்குக் கரையை அடித்துக்கொண்டிருக்கும், மழையும் அதனோடு வரும். திருகோணமலைக்கு உரிய காலம் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை, அதாவது மேற்கு மூடிக்கிடக்கும் காலமே கிழக்கின் காலம். கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே ஆழ்கடல் கிடைக்கும். அந்த மாதங்களிலும் பிற்பகலில் நிலத்திலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் என்பதால், விடியுமுன் புறப்பட்டு மதியத்துக்கு முன் திரும்பும் படகையே பேசுங்கள். விடுமுறை டிசெம்பரில்தான் என்றால் 260 கிலோமீற்றர் ஓடாமல் நீர்கொழும்புக்குப் போங்கள். அப்போது மேற்குக் கடல் அடங்கியிருக்கும்.

கேள்வி: ஐந்து மணித்தியாலம் சுற்றியும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. பாதிப் பணத்தையாவது கேட்கலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: முடியாது. "மீன் நிச்சயம்" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் மட்டும் அதை எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மூன்று அறுக்குளா பிடித்தோம். படகுக்காரர் இரண்டை எடுத்துக்கொண்டு, மூன்றாவதில் நாலு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதுதான் வழக்கமாம். (வத்தளை)

பதில்: வழக்கம் படகுக்குப் படகு மாறும் என்பதால்தான், பிடிபடும் மீன் யாருக்கு என்பதை ஏறுமுன்னரே பேசி, தொலைபேசிச் செய்தியிலாவது எழுதி வாங்க வேண்டும். ஆனாலும் நாலு துண்டு அநியாயம். நீங்கள் பேசாமல் வந்ததைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடல் நடுவே படகுக்காரருடன் யார் வாதாடுவார்கள்?

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய ரீல் இரண்டாம் பயணத்திலேயே இறுகிவிட்டது. கடையில் பற்றுச்சீட்டும் தரவில்லை. (தெமட்டகொட)

பதில்: என் அலுமாரியின் மேல்தட்டில் உங்கள் ரீலின் அண்ணன் கிடக்கிறது. கடலுக்கென்றே சொல்லி விற்றார்கள். இரண்டாம் முறை சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுவதுபோல் சத்தம் கேட்டது. கைபிடியின் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்து, அதன் கீழே துரு செம்மஞ்சளாகக் கசிந்து, தங்கூசியிலும் கறை ஏறியிருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்து, "ஐயா, இதை உப்புத் தண்ணியில பாவிச்சீங்களா?" என்று கேட்டார். என்னிடமும் பற்றுச்சீட்டு இருக்கவில்லை, ஆகவே உங்களைத் திட்டும் தகுதி எனக்கில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது சட்டப்படி வியாபாரியின் கடமை. அடுத்த முறை அதில் "கடற்பாவனைக்கு" என்றும் எழுதுவியுங்கள். எழுதத் தயங்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். நல்ல ரீலையும் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நன்னீரில் மெதுவாக அலசிக் காயவைக்க வேண்டும்.

கேள்வி: நிலாவெளியில் ஒருவர், கூடுதலாகப் பணம் கொடுத்தால் புறாத்தீவை ஒட்டியே தூண்டில் போடலாம் என்கிறார். (கொள்ளுப்பிட்டி)

பதில்: அது 2003 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் மீன்பிடிப்பது குற்றம். பிடிபட்டால் அவரோடு சேர்ந்து நீங்களும் மாட்டுவீர்கள்.

கேள்வி: நால்வருக்கான படகில் எட்டுப் பேர் ஏறினால் தலைக்கு 2,000 ரூபாய் குறையும். உயிர்காப்பு அங்கி நாலுதான் உண்டு, எங்களில் ஐந்து பேருக்கு நீந்தத் தெரியும். இன்னும் குறைத்துக் கேட்கலாமா? (தெஹிவளை)

பதில்: நீந்தத் தெரியாத மூவரின் வீட்டாருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டினீர்களா? ஏறாதீர்கள்.